ஆறு நிமிடம் பத்து நொடி: குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு தீ ஒத்திகை

அருவி, கோட்டை, பிரியாணி என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். பிரியாணி வரும், கடைசியில் வரும். இந்த முறை நான் திண்டுக்கல் பக்கம் போனது, ஒரு தையல் கொட்டகையில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்று பார்க்க. நிஜத் தீ இல்லை, ஒத்திகை. மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலையில் போய் இரவே திரும்பிய ஒரு நாள் பயணம்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சின்னத் தொழிற்கூடங்களுக்கு அவசரகாலத் திட்டம் எழுதிக் கொடுக்கிறேன். தீப்பிடித்தால் யார் எந்தக் கதவு வழியாக வெளியேற வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும், யார் தலை எண்ண வேண்டும் என்றெல்லாம் பன்னிரண்டு பக்கத்தில் இருக்கும். போன வருடம் என் கல்லூரி விடுதித் தோழன் முருகேசன் தன் கொட்டகைக்கு ஒன்று கேட்டான். பள்ளிக்கூடச் சீருடைச் சட்டை தைக்கும் இடம், அவனையும் சேர்த்து நாற்பத்தைந்து பேர். போனிலேயே அளவுகளைக் கேட்டுக்கொண்டு, திருச்சியில் என் வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் எழுதி அனுப்பினேன். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. இது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை.

போன மாதம் முருகேசன் கூப்பிட்டான்.

"மாப்ள, ஒன் பேப்பர்ல எல்லாரும் மூணு நிமிசத்துல வெளிய வரணும்னு போட்டிருக்க. ஆர்டர் குடுக்குற திருப்பூர்க்காரவுக, ஒத்திகை வச்சு நேரத்த எழுதி அனுப்புன்னுட்டாக. நம்ம பாண்டியம்மா இருக்குல்ல, கால் சரியில்லாத பொண்ணு? அத வச்சுக்கிட்டு மூணு நிமிசம் எப்பிடி? நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? வீட்டுலயே இருந்து பட்டன் தச்சுக் குடுன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

அந்த மூன்று நிமிடத்தை எங்கிருந்தும் எடுக்கவில்லை, நானாகப் போட்டது. நான்காம் பக்கத்தில் 'வெளியேற உதவி தேவைப்படுவோர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது, பாண்டியம்மாள். அதை எழுதியதும் நான்தான். நான் தட்டச்சு செய்த ஒரு வரியால் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு வேலை போகப் போகிறது.

"ஒத்திகைய நடத்திப் பாத்துட்டு முடிவெடு மாப்ள. அதுவரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் சொல்லாத. நானே வாரேன்" என்றேன்.

திருச்சியில் காலை 6.05 ரயில், முன்பதிவில்லாப் பெட்டி, 55 ரூபாய். மணப்பாறை வரை நின்றுகொண்டு வந்தேன். 7.40க்குத் திண்டுக்கல். ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் பங்கு ஆட்டோவில் 20 ரூபாய். பக்கத்துக் கடையில் நாலு இட்லி, ஒரு வடை, காபி, மொத்தம் 75. புதுச் செருப்பு ஒன்றும் வாங்கினேன், 350 ரூபாய். பழையது ரயிலிலேயே வார் அறுந்துவிட்டது. இந்தச் செருப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

8.25க்கு எரியோடு வழியாகக் குஜிலியம்பாறை போகும் பேருந்து. 35 ரூபாய், சுமார் 38 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், காலையில் அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. ஊர் தாண்டியதும் நூற்பாலைச் சுவர்கள், அப்புறம் முருங்கைத் தோட்டங்கள், அறுத்து அடுக்கிய சோளத்தட்டைப் போர்கள். எரியோடு தாண்டினால் நிலம் மெல்ல வறண்டு, சீமைக்கருவேலமும் ஆடுகளும்தான். மழையை நம்பி விதைக்கும் காடு. வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். எனக்கென்னவோ இந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டே போவது பிடிக்கும். அன்றைக்கு அதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை, மனம் அந்த நான்காம் பக்கத்திலேயே கிடந்தது.

குஜிலியம்பாறையில் இறங்கிக் கருப்பையா என்பவரின் ஆட்டோவைப் பிடித்தேன். கொட்டகை நாலு கிலோமீட்டர். போக மட்டும் 100, நாள் முழுக்க இருந்து திரும்பக் கூட்டி வர 500 என்றார். விஷயத்தைச் சொன்னதும், "தீயே இல்லாம தீ அணைக்கிறதா? இத நான் பாத்தே ஆகணும். நானூத்தம்பது குடுங்க சார் போதும்" என்று தானாகவே இறங்கி வந்தார்.

கொட்டகை தொண்ணூறு அடி நீளம், முப்பது அடி அகலம், தகரக் கூரை. முன்னால் ஷட்டர், பின்னால் ஓர் இரும்புக் கதவு. பின்கதவில் தாழ்ப்பாள் மட்டும்தான் இருந்தது, பூட்டு இல்லை. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் மாவட்டத்தில் பூட்டில்லாத கதவைப் பார்த்த சந்தோஷத்தில் அதைப் படம் வேறு எடுத்துக்கொண்டேன். வெட்டிய துணி தரையில் பரவிக் கிடப்பதால் எல்லோரும் செருப்பை ஷட்டருக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நானும் விட்டேன்.

பாண்டியம்மாள் கொட்டகையின் நடுவில் காஜா மெஷினில் இருந்தார். சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடும் மெஷின். முப்பத்தைந்து வயது இருக்கும், இடது காலில் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ். அந்தப் பூட்ஸை மாட்டிக் கழற்றக் கால் மணி நேரம் ஆகும் என்பதால் அவருக்கு மட்டும் அதோடு உள்ளே வர அனுமதி. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"பேப்பர் எழுதுனது நீங்கதானா சார்?"

முருகேசனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். சொல்லாதே என்று சொன்ன விஷயம் எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது.

"நான்தாம்மா" என்றேன்.

"ஏழு வருசமா வாரேன் சார். பஸ் ஏறி, இறங்கி, நானா வாரேன். வீட்டுக்குள்ள உக்கார வச்சிராதீக. காசு கொறையும்கிறது ஒரு பக்கம். இந்த வாசலத் தாண்டி வாரதே எனக்குப் பெருசு."

"ஒத்திகைல பாத்துருவோம்மா" என்றேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் சொல்வது போல இருந்தது. உண்மையில் பரீட்சை எனக்குத்தான்.

ஒத்திகையைத் திட்டமிட ஒரு மணி நேரம் ஆனது. தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: முருகேசன், சூப்பர்வைசர் ஜோதி, நான். இன்றைக்கு ஒரு நேரம் விசில் ஊதும் என்பது எல்லோருக்கும் தெரியும், எப்போது என்று தெரியாது. வலது ஓரத்து இஸ்திரி மேஜையில் தீ என்று வைத்துக்கொண்டோம். ஜோதி அதன்மேல் போர்த்தச் சிவப்புத் துணி ஒன்று எடுத்து வைத்தார். பாதிப் பேர் முன் ஷட்டர், பாதிப் பேர் பின்கதவு, எல்லோரும் கூட வேண்டிய இடம் நாற்பதடி தள்ளியிருந்த புளியமரம். பக்கத்துத் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தவர்களிடமும் சொல்லி வைத்தோம், இல்லாவிட்டால் குடத்தோடு ஓடி வந்துவிடுவார்கள். கருப்பையாவின் கையில் என் போனைக் கொடுத்து, ஷட்டருக்கு எதிரே நின்று படம் பிடிக்கச் சொன்னேன். நான் உள்ளே கடிகாரத்தோடு.

11.20க்கு ஜோதி விசில் ஊதினார். மெஷின்கள் நின்றன. பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள், நடந்தார்கள், நன்றாகத்தான் தொடங்கியது. அப்புறம் ஷட்டர் பக்கம் அடைத்துக்கொண்டது. பின்கதவு வழியாக ஒருவர்கூடப் போகவில்லை. பாண்டியம்மாள் வெளியே வந்து புளியமரத்தைத் தொட்டபோது கடிகாரத்தில் ஆறு நிமிடம் பத்து நொடி. அவர்தான் கடைசி.

யாரும் சிரிக்கவில்லை. முருகேசன் என் காதருகே வந்து, "பாத்தியா மாப்ள. எனக்கு மட்டும் ஆசையா? உசுரு சமாச்சாரம்டா" என்றான். அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே பயந்திருந்தான். பாண்டியம்மாள் மரத்தில் கை ஊன்றி, எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றார். அந்த நேரத்தில் எனக்கு ஆட்டோவில் ஏறி ஓடிவிடலாம் போல இருந்தது.

கருப்பையா போனைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீக. இது தீ புடிச்சு ஓடியாந்த மாதிரி இல்ல. கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு செருப்புத் தேடுற மாதிரில்ல இருக்கு."

படத்தை ஓடவிட்டேன். முதல் பெண் பதினெட்டாவது நொடியில் ஷட்டரைத் தாண்டுகிறார். தாண்டியதும் குனிகிறார். அடுத்தவர் குனிகிறார். அதற்கடுத்தவரும். ஷட்டர் வாசலில் முதுகுகள்தான் தெரிகின்றன. ஒரு குரல், "ஏய், அது என் செருப்புடி, பச்சை நூலு பாரு" என்கிறது.

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு முருகேசன் எல்லோருக்கும் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறான். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே காப்பிக் கலர். அளவு மட்டும்தான் வேறு. தையல்காரர்கள் இல்லையா, ஆளுக்கொரு நிறத்தில் வாரில் நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த நூலைத் தேடித்தான் அத்தனை பேரும் குனிந்து நிற்கிறார்கள்.

பாண்டியம்மாள் ஒரு நிமிடம் ஐந்தாவது நொடியில் ஷட்டருக்கு வந்துவிட்டார். படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்திருக்கும் முதுகுகளுக்குப் பின்னால் நிற்கிறார். கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் அப்படியே நிற்கிறார். அவருக்குத் தேட வேண்டிய செருப்பே கிடையாது. தீபாவளிக்கு அவருக்குக் கொடுத்தது குடை. அந்தக் கொட்டகையில் விசில் ஊதியதும் நேராக வெளியேறத் தயாராக இருந்த ஒரே ஆள் அவர்தான், அவரைத்தான் வழியில் நிறுத்தி வைத்திருந்தோம்.

அதைவிடக் கேவலம் ஒன்று அந்தப் படத்தில் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில், வாசலுக்கு நட்டநடுவில், ஒரு வழுக்கைத்தலை ஆசாமி ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி மறு கையால் செருப்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருக்கிறார். புதுச் செருப்பு, 350 ரூபாய். திட்டம் எழுதிய மகாராசன் நான்தான்.

போனை முருகேசனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை பார்த்தான். பிறகு பாண்டியம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். ஆறு நிமிடம் பத்து நொடி என்பது நிஜத் தீயில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஒத்திகையில் தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"சரி, பின்கதவு பக்கம் ஏன் யாருமே போகல?" என்று கேட்டேன்.

ஜோதி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வெறுங்காலோட அங்கிட்டு எப்பிடிப் போறது சார்? அம்புட்டும் நெருஞ்சி. செருப்பு முன்னாலல்ல கெடக்கு."

இதெல்லாம் திருச்சி மின்விசிறிக்குக் கீழே தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு முருகேசன் வீட்டிலிருந்து சோறும் தட்டப்பயறுக் குழம்பும், வெஞ்சனத்துக்கு முருங்கைக்கீரைப் பொரியலும் வந்திருந்தன. சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். யோசனை ஜோதியுடையது: செருப்பை வாசலில் விடுவதால்தானே தொல்லை, புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தால் என்ன? செருப்பு எங்கே இருக்கிறதோ ஆள் அங்கேதான் ஓடுவார்கள், ஓடட்டும். "நாய் தூக்கிட்டுப் போயிருமே" என்று யாரோ கேட்டார்கள். மர ஸ்டாண்டை நாலு செங்கல் மேல் ஏற்றி வைத்ததில் அதற்கும் வழி பிறந்தது. தோட்டத்துக்காரரிடம் மண்வெட்டி வாங்கி முன்பக்கமும் பின்பக்கமும் நெருஞ்சியைச் செதுக்கி, மரம் வரைக்கும் பழைய சாக்கை விரித்தார்கள். முக்கால் மணி நேர வேலை. கருப்பையாவும் செதுக்கினார், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

பாண்டியம்மாளிடம், வெளியேற என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். போன வருடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "என் ஸ்டூலுக்குப் பின்னால பண்டல் அடுக்காம இருந்தாப் போதும் சார். எந்திரிக்கத்தான் செத்த நேரம் ஆகுது, நடக்க ஆகல" என்றார். மெஷினை நிறுத்தி எழும்போதே வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் பெயர் கூப்பிடும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது விசில் 3.05க்கு. இந்தத் தடவை சிவப்புத் துணியை முன் ஷட்டர் பக்கத்திலேயே போட்டோம், எல்லோரும் பின்கதவு வழியாகத்தான் போக வேண்டும். காலையிலேயே சூடு கண்டவர்கள், ஆகையால் இந்த நேரத்தைக் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். யாரும் குனியவில்லை. சாக்கின் மேல் வரிசையாக விறுவிறுவென்று போனார்கள். பாண்டியம்மாள் பதினோராவது ஆளாகப் பதிவேட்டோடு மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் கொட்டகை காலி என்று நான் கடிகாரத்தை நிறுத்தப் போனேன்.

பாண்டியம்மாள் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பெயர்.

"முருகேசன் சார்?"

பதில் இல்லை.

"முருகேசன் சார்!"

கொட்டகையைத் திரும்பிப் பார்த்தோம். முதலாளி ஜன்னலுக்குள் தெரிந்த தன் அறையில் மேஜை டிராயரைப் பூட்டி, பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்து, சார்ஜரில் கிடந்த போனைப் பிடுங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு பின்கதவு வழியாக வந்துகொண்டிருந்தார். மூன்று நிமிடம் இருபத்தைந்து நொடி.

பாண்டியம்மாள் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அப்ப சாருக்கு வீட்டுல வச்சுப் பட்டன் தைக்கக் குடுத்துரலாமா?"

புளியமரம் அதிர்ந்தது. முருகேசனும் சிரித்தான், அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது. சிரித்து முடித்து, "ஒண்ணு அம்பத்திரெண்டுன்னே போட்டுரு மாப்ள" என்றான். "காலையில ஆறு பத்துன்னு இந்தப் பொண்ணு தலையில போட்டியே, அது மாதிரியா?" என்றேன். மூன்று இருபத்தைந்து என்றே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

4.20 பேருந்தைப் பிடித்து 5.35க்குத் திண்டுக்கல். மனம் லேசாக இருந்ததால் நகரப் பேருந்தில் தாடிக்கொம்பு போனேன், பத்து கிலோமீட்டர், 12 ரூபாய். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களை நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும், எனக்கு நாற்பது நிமிடம்தான் கிடைத்தது. செருப்பு விடும் இடத்தில் என் செருப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி. திரும்பி வந்து திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி, 240 ரூபாய். அன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: குஜிலியம்பாறைக்குப் பகலில் பேருந்து உண்டு, ஆனால் மதியம் இடைவெளி அதிகம், நடத்துநரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். என் செலவு போகவர மொத்தம் சுமார் ஆயிரம், செருப்பு தனி. ஒத்திகை நடத்தப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது, இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், அங்கே வேலை செய்கிறவர்களைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வெளியே நின்று படம் பிடிக்க, உங்கள் திட்டத்தைப் படிக்காத ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். கடைசியாக வந்தவரைக் குறை சொல்லுமுன் அவருக்கு முன்னால் நின்றது யார் என்று பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து முருகேசனிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் இல்லாமல் அவர்களே நடத்திய ஒத்திகை. விசில் ஊதுவது பாண்டியம்மாள். ஒரு நிமிடம் நாற்பத்தேழு நொடி, முதலாளி உட்பட. அன்று மாலையே உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தி அனுப்பினேன். நான்காம் பக்கத்தில், 'வெளியேற உதவி தேவைப்படுவோர்' கட்டத்தில் பாண்டியம்மாள் பெயரை அடித்துவிட்டு முருகேசன் பெயரை எழுதியிருக்கிறேன். தேவையான உதவி: டிராயர் சாவியை வேறு யாராவது வைத்திருப்பது.